வாலிபர் ஐக்கியத்தில் எச்.ஐ.வி. பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும், எங்கே தொடங்குவது?

தாமிரபரணிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமச் சேகரத்தில் (கிறிஸ்தவ சபையில்) வாலிபர் ஐக்கியத்தை, அதாவது இளைஞர் குழுவை, நானும் என் மனைவியும் பார்த்துக்கொள்கிறோம். 14 வயதிலிருந்து 22 வரை முப்பது முப்பத்தைந்து பிள்ளைகள் வருவார்கள், கேரல் பாட்டுப் பழகும் நாட்களில் இன்னும் கொஞ்சம் கூடும். டிசம்பர் 1 எய்ட்ஸ் தினத்தை ஒட்டி வரும் ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம் எச்.ஐ.வி. பற்றிப் பேசு என்று ஐயர் (எங்கள் சபை குருவானவர்) என்னிடம் சொல்லிவிட்டார். நான் கணக்கு வாத்தியார், இதெல்லாம் பேசிப் பழக்கம் இல்லை.

போன வருடம் வெளியிலிருந்து ஒரு பிரதரை அழைத்திருந்தோம். அவர் புரொஜெக்டரில் புண்ணும் எலும்புமாக வரிசையாகப் படம் போட்டார், பாவத்தின் சம்பளம் மரணம் என்றார், கடைசியில் எல்லோரையும் எழுந்து நிற்கவைத்துக் கை உயர்த்தி உறுதிமொழி எடுக்கச் சொன்னார். முதல் பத்து நிமிடம் பையன்கள் ஒருவரை ஒருவர் இடித்துச் சிரித்தார்கள், அப்புறம் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். ஏதாவது கேள்வி உண்டா என்றதற்கு ஒரு கை உயரவில்லை. மறுநாள் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, ஹாஸ்டலில் ஒரே தட்டில் சாப்பிட்டால் வருமா?" என்று கேட்டிருக்கிறாள். அப்படியென்றால் அந்த ஒரு மணி நேரத்தில் அந்தப் பிள்ளை என்னதான் கற்றுக்கொண்டது என்று எனக்கு ஒரே உறுத்தல்.

இந்த முறை வேறு மாதிரி செய்யலாம் என்றால், சபை மன்றத்தில் இரண்டு பெரியவர்கள் ஆலய வளாகத்துக்குள் ஆணுறை என்ற சொல்லே வரக்கூடாது என்கிறார்கள். ஐயர் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார். எங்கே தொடங்கலாம், எதை விடக்கூடாது? விளையாட்டு மாதிரி ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள். ஒரு கூட்டத்தில் பார்த்த டம்ளர் விளையாட்டு நினைவிருக்கிறது: எல்லோர் கையிலும் ஒரு டம்ளர் தண்ணீர், ஒருவர் டம்ளரில் மட்டும் யாருக்கும் தெரியாமல் சோடா உப்பு கரைத்திருப்பார்கள், பிள்ளைகள் இரண்டு மூன்று பேரோடு தண்ணீரை மாற்றிக் கலந்துகொள்வார்கள், கடைசியில் மஞ்சள் தண்ணீர் விட்டால் யார் யாருடையது சிவக்கிறது என்று தெரிந்துவிடும். அதைச் செய்யலாமா?


மல்லிகா அக்கா எழுதியது:

தம்பி, நான் அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் கொடுக்கும் இடம்) பதினாறு வருடமாக ஆலோசகராக இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியிலும் எடுக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்துச் சங்கடமும் எனக்குத் தெரியும்.

முதலில் அந்தப் புண் படங்களை விட்டுவிடுங்கள். அவை எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து கைக்கு வராத காலத்துப் படங்கள். 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இந்த மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது. இன்றைக்குப் பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு மாத்திரைதான். என்னிடம் மாத்திரை வாங்க வருபவர்கள் கொத்தனார், டீச்சர், ஆட்டோ ஓட்டுபவர், இரண்டு பிள்ளை பெற்ற அம்மா. பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் பிள்ளைகள் மனதில் எலும்புக்கூடு பதிந்துவிட்டால், எதிரில் நிற்கும் ஆரோக்கியமான ஆளிடமிருந்து எதுவும் வராது என்று முடிவு கட்டிவிடுவார்கள். பயமுறுத்தினால் இதுதான் நடக்கும்.

இரண்டாவது, "திருமணம் வரை காத்திரு, கணவனுக்கு உண்மையாயிரு" என்று மட்டும் சொல்லி முடிப்பது. காத்திருப்பது நல்லதுதான், நானும் என் பிள்ளைகளிடம் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து அழுத பெண்களில் பாதிப் பேர் அப்படியே காத்திருந்தவர்கள், உண்மையாக இருந்தவர்கள். கர்ப்பம் என்று ஆஸ்பத்திரிக்கு வருவார்கள், வழக்கமான ரத்தப் பரிசோதனையில் தெரியும், வீட்டிலேயே முதலில் தெரிந்துகொள்வது அவர்கள்தான், உடனே பழியும் அவர்கள் தலையில்தான் விழும். நாமக்கல் கௌசல்யாவைப் பற்றிப் படித்துப் பாருங்கள். கணவரிடமிருந்து தொற்று வந்தது, அதை ஊரறியச் சொன்னார், 1998-ல் இன்னும் சில பெண்களோடு சேர்ந்து பாசிட்டிவ் பெண்களுக்கென்று ஓர் அமைப்பையே தொடங்கினார். அவர் கதையைச் சொன்னால் உங்கள் பெண்பிள்ளைகள் ஒன்றை யோசிப்பார்கள்: கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டைக் கேட்கிற நம் வீடுகளில் ரத்தப் பரிசோதனையை ஏன் யாரும் கேட்பதில்லை?

நடைமுறைக்கு வருகிறேன். கையைத் தூக்கிக் கேள் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு வாரம் முன்பே ஒரு ஷூ டப்பாவில் துளை போட்டு வையுங்கள், பெயர் எழுதாமல் சீட்டுப் போடட்டும். எல்லோரும் ஒரு சீட்டு போட்டே ஆக வேண்டும், கேள்வி இல்லாதவர்கள் பிடித்த பாட்டின் பெயரை எழுதட்டும், அப்போதுதான் யார் கேட்டது என்று தெரியாது. எங்கள் சபையில் இப்படி வைத்தபோது வந்த சீட்டுகள்: கொசு கடித்தால் வருமா, பச்சை குத்தினால் வருமா, முத்தம் கொடுத்தால் வருமா, சலூன் பிளேடு, அப்புறம் கோணல் எழுத்தில் ஒன்று, "என் மாமா என்னிடம் தப்பாக நடந்தார், எனக்கு வந்திருக்குமா?" அந்த ஒரு சீட்டுக்குப் பின்னால் நான் செய்ய வேண்டியிருந்த வேலை தனிக்கதை, இங்கே எழுத முடியாது. அப்படி ஒன்று உங்கள் டப்பாவிலும் வரலாம், வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஐயரோடு முன்னமே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. எச்.ஐ.வி. சந்தேகங்களுக்கு 1097, கட்டணம் கிடையாது.

பரவும் வழி நான்கு: பாதுகாப்பில்லாத உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவது, தாயிடமிருந்து குழந்தைக்கு. இதற்கு ஐந்து நிமிடம் போதும். மீதி நேரத்தைக் கேள்விகளுக்குக் கொடுங்கள். பின்பாதியில் பையன்களை நீங்களும் பெண்களை உங்கள் மனைவியும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அங்கே பேச்சு தானாக வரும்.

ஆணுறை விஷயம். அந்தச் சொல் வராமல் பேசலாம், ஆனால் பிள்ளை கேட்டால் பொய் சொல்லக்கூடாது. "அது பயன்படாது, ஓட்டை இருக்கும்" என்று ஆலய மேடையில் சொல்பவர்களை நானே கேட்டிருக்கிறேன். அது சுத்தப் பொய். அதை நம்பிப் பத்து வருடம் கழித்து ஒருவன் போடாமல் விட்டால் அந்தப் பாவம் யார் கணக்கு?


ஓய்வுபெற்ற உபதேசியார் எழுதியது:

அம்மா சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டு பெரியவர்கள் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன், அதனால் அவர்களுக்காக இரண்டு வார்த்தை.

ஆணுறை பற்றிச் சொல்ல அரசு இருக்கிறது, காலேஜில் எய்ட்ஸ் பற்றிப் பேசச் செஞ்சுருள் சங்கம் இருக்கிறது, ஒரு காலத்தில் சென்னையில் திரும்பின பக்கமெல்லாம் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று போர்டு வைத்திருந்தார்கள். எல்லோரும் சொல்கிறதையே சபையும் சொல்வதற்குச் சபை எதற்கு? உடம்பு ஆண்டவருடைய ஆலயம் என்று சொல்ல நம்மை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? காத்திரு என்பதைப் பழைய பஞ்சாங்கம் மாதிரி ஒதுக்கிவிட்டு, எப்படியும் தப்புச் செய்வீர்கள், பாதுகாப்பாகச் செய்யுங்கள் என்றால் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது அனுமதிச் சீட்டு மாதிரித்தான் கேட்கும். எங்களுக்கு இளவயதில் பயம்தான் வேலி. அதில் கொஞ்சம் நன்மையும் இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைப்பானேன். 97 வாக்கில் நாங்கள் ஊழியம் செய்த ஊரில் ஒரு லாரி டிரைவர் இதில் இறந்தார். பெட்டியைக் கோயிலுக்குள் கொண்டுவர வேண்டாம், நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கே போகட்டும் என்று சபையார் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அதன் பிறகு கோயிலுக்கு வரவும் இல்லை. அது தப்பு. ஆனால் அந்தத் தப்புக்குப் பரிகாரமாக இப்போது பிள்ளைகளிடம் எதையும் கண்டிக்காமல் இருக்க வேண்டும் என்றால் அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.


பெயர் வேண்டாமே எழுதியது:

இதில் எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். நான் பிறவியிலேயே பாசிட்டிவ். 1999-ல் பிறந்தேன், அப்போது எங்கள் பக்கத்தில் கர்ப்பிணிகளுக்கு யாரும் இந்தப் பரிசோதனை எடுக்கவில்லை. அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார், அம்மா நான் இரண்டாம் வகுப்பில் இருக்கும்போது. பாட்டி வளர்த்தார். எட்டு வயதிலிருந்து மாத்திரை. எதற்கு என்று பதிமூன்று வயது வரை எனக்குத் தெரியாது, "நெஞ்சுச் சளிக்கு" என்று பாட்டி சொல்வார். சொன்ன அன்று எனக்குக் கோபம்கூட வரவில்லை, ஐந்து வருடமாகச் சளியே பிடிக்கவில்லையே என்று யோசித்தது நினைவிருக்கிறது.

உபதேசியார் ஐயா, நீங்கள் சொன்ன லாரி டிரைவர் என் அப்பா இல்லை, வருடம் பொருந்தாது. ஆனால் என் அப்பாவும் லாரி டிரைவர்தான்.

தாமிரபரணி அண்ணே, நீங்கள் சொன்ன டம்ளர் விளையாட்டை எங்கள் வாலிபர் முகாமில் செய்தார்கள். எனக்கு அப்போது 15. முப்பது பேர் சுற்றி நிற்க, ஒவ்வொரு டம்ளராக மஞ்சள் தண்ணீர் விட்டுக்கொண்டே வந்தார்கள். சிவந்ததும் எல்லோரும் "ஓஓ" என்று கத்தினார்கள். சிவந்த டம்ளர்காரர்களைத் தனியாக ஒரு பக்கம் நிற்கச் சொன்னார்கள். என் டம்ளர் சிவக்கவில்லை. நான் "நல்ல" பக்கத்தில் நின்றுகொண்டு அந்தப் பக்கம் நின்றவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டியிருந்தது. என் பெஞ்சில் உட்காரும் பையன் ஒருவன் சிவந்த டம்ளர்காரனிடம் "எட்டிப் போடா" என்றான், விளையாட்டாகத்தான். அன்று ராத்திரி நான் மாத்திரை போடவில்லை. பை திறக்கும் சத்தம் கேட்டால் யாராவது என்ன என்று கேட்பார்களே என்று முகாம் முடியும் வரை மூன்று நாளும் போடவில்லை.

அதற்குப் பின் ஒரு அக்கா மேடையில், "எல்லோரும் பாவம் செய்து வாங்கிக்கொள்வதில்லை, ஒன்றும் அறியாத குழந்தைகளுக்கும் வருகிறது, அவர்களுக்காக ஜெபிப்போம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தோன்றியது, அப்படியானால் என் அப்பா அம்மா யார்? என்னை நிரபராதி ஆக்க வேண்டுமென்றால் அவர்களைக் குற்றவாளி ஆக்கியே தீர வேண்டும். என் அப்பாவின் ஒரே ஒரு போட்டோ என்னிடம் இருக்கிறது, லாரி முன்னால் என்னைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். தயவுசெய்து எனக்காக அப்படி வாதாடாதீர்கள்.

இன்னொன்று, இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். எங்கள் சபையில் இராப்போஜனத்தில் திராட்சரசம் குடிக்க எல்லோருக்கும் ஒரே பாத்திரம். எச்சிலில் பரவாது என்று எனக்கு நன்றாகத் தெரியும், இருந்தாலும் திடப்படுத்தல் எடுத்து இராப்போஜனத்தில் சேர்ந்த நாளிலிருந்து நான் கடைசி வரிசையில்தான் போவேன். நாளைக்கு யாருக்காவது என் விஷயம் தெரியவந்தால், "அவன் குடித்த பாத்திரத்தில் நாங்களும் குடித்தோமே" என்று சொல்லிவிடக்கூடாது அல்லவா. உங்கள் ஒரு மணி நேரத்தில் வேறு எதுவும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பாத்திரத்தால் வராது என்பதை ஐயர் வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

இப்போது எனக்கு வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது. அப்படியே நீடிக்கும் வரை உடலுறவு மூலம் என்னிடமிருந்து யாருக்கும் தொற்றாது, இது மருத்துவம் உறுதியாகச் சொல்வது. வேலைக்குப் போகிறேன். அவ்வளவுதான். ஒன்றே ஒன்று, அந்த முப்பத்தைந்து பேரில் என்னை மாதிரி ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொண்டு பேசுங்கள்.


தாமிரபரணிக்கரை எழுதியது:

தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. நீ எழுதியதற்கு நன்றி என்று சொன்னால் ரொம்பச் சின்னதாக இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் எல்லோரையும் எனக்குத் தெரியும், அப்படி யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், உன்னோடு இருந்தவர்களும் அப்படித்தானே நினைத்திருப்பார்கள்.


வேலூர் ரயில் எழுதியது:

நான் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாகப் பயின்றவள், பின்பு சில வருடம் ஜாம்பியாவில் வேலை பார்த்தேன். இந்தியாவில் எச்.ஐ.வி. கதை தொடங்கியதே ஒரு மிஷன் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில்தான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ஆர்வமாகக் கேட்பார்கள். 1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் செல்லப்பன் நிர்மலா என்று ஒரு மாணவி, அவருக்கு வழிகாட்டி டாக்டர் சுனிதி சாலமன். சென்னையில் சோதிக்க வசதி இல்லாததால் சேகரித்த ரத்த மாதிரிகளை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு கணவரோடு ராத்திரி ரயிலில் வேலூர் சி.எம்.சி. மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆறு மாதிரிகள் பாசிட்டிவ். நம் ஊரிலெல்லாம் இது வராது என்று பெரியவர்கள் பலர் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 22 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு புண் படத்தைவிட இந்த ரயில் கதை நல்ல தொடக்கம்.

ஜாம்பியாவில் தெற்கே சிக்கன்காட்டா என்ற இடத்தில் சால்வேஷன் ஆர்மி ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. 1987 வாக்கிலேயே அவர்கள் நோயாளிகளை வார்டில் போட்டு வைக்காமல், குழுவாக வீட்டுக்கே போய்ப் பார்க்கத் தொடங்கினார்கள். நான் போனது ரொம்பப் பின்னால், வேலை பார்த்ததும் வேறு இடத்தில், ஆனால் அங்கே எல்லோரும் இதைச் சொல்வார்கள்: வீட்டுக்குப் போனால் நோயாளி ஒருவர்தான், சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் இருபது பேர், கேள்வி எல்லாம் அவர்களிடமிருந்துதான் வந்தது. அந்தத் திண்ணைப் பேச்சு எந்த மேடைப் பிரசங்கத்தையும்விட ஆழமாகப் போனது. உகாண்டாவில் கிதியோன் பியாமுகிஷா என்று ஒரு ஆங்கிலிக்கன் குருவானவர். முதல் மனைவி 1991-ல் இறந்தார், தனக்கும் இருப்பது தெரிந்ததும் 1992-ல் வெளிப்படையாகச் சொன்னார். ஆப்பிரிக்காவில் மதத் தலைவர் ஒருவர் அப்படிச் சொன்னது அதுவே முதல்முறை. பின்னால் அவரைப் போன்ற பாசிட்டிவ் போதகர்கள் சேர்ந்து ஒரு வலையமைப்பே உண்டாக்கினார்கள். விலகியிரு, உண்மையாயிரு, இல்லாவிட்டால் ஆணுறை என்ற பழைய மூன்று படி வாய்ப்பாட்டை அவர்கள் விட்டுவிட்டார்கள். அந்த மூன்றையும் வரிசையாக நிறுத்தினால் ஆணுறை என்பது தோற்றவனுக்குக் கொடுக்கும் மூன்றாம் பரிசு மாதிரி ஆகிவிடுகிறது, பரிசோதனைக்கும் மருந்துக்கும் அதில் இடமே இல்லை என்பது அவர்கள் வாதம். உபதேசியார் ஐயா, அவர்களும் காத்திருக்கச் சொல்கிறவர்கள்தான், கண்டிக்காதே என்று யாரும் சொல்லவில்லை. கண்டிப்பும் தகவலும் ஒரே வாக்கியத்தில் வந்தால் பிள்ளை கண்டிப்பை மட்டும் கேட்டுக்கொண்டு தகவலை விட்டுவிடுகிறது, அதுதான் சிக்கல்.

டம்ளர் விளையாட்டு. "பெயர் வேண்டாமே" தம்பி சொன்ன பிறகு அதை அப்படியே செய்ய முடியாது. நான் மாற்றிச் செய்வது இப்படி. டம்ளர்களைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை, மேஜை மேல் எண் போட்டு வைப்பேன், எந்த டம்ளர் எதோடு கலந்தது என்று போர்டில் எழுதுவோம், அதனால் யாரும் எந்தப் பக்கமும் போய் நிற்க வேண்டாம். சிவந்ததும் நிறுத்தக்கூடாது. சிவந்த டம்ளரில் எலுமிச்சம்பழம் பிழியுங்கள், சிவப்பு போய்த் திரும்ப மஞ்சளாகும். இதுதான் மாத்திரை. உடனே "குணமாகிவிட்டது" என்று ஒருவன் சொல்வான். அப்போது சோடா உப்பு கரைத்த தண்ணீரை இன்னும் கொஞ்சம் விடுங்கள், மறுபடி சிவக்கும். உள்ளே இருப்பது போகவில்லை, மாத்திரையை நிறுத்தினால் திரும்பி வரும் என்று புரிந்துவிடும். நான் செய்த இடத்திலெல்லாம் "ஓஓ" சத்தம் எலுமிச்சைக்குத்தான் வந்தது.

சட்டமும் ஒரு வரி சொல்லிவையுங்கள். 2017-ல் எச்.ஐ.வி. சட்டம் வந்தது, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பள்ளியிலோ வேலையிலோ இதை வைத்து யாரையும் ஒதுக்கக்கூடாது, சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக்கூடாது, விஷயத்தை வெளியில் சொல்லக்கூடாது. உங்கள் ஐக்கியத்தில் யாராவது உங்களிடம் நம்பிச் சொன்னால், அதை ஜெபக் குறிப்பு என்று வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வெளியில் சொல்வதுதான். நம் சபைகளில் ரகசியம் வெளியே போகும் முதல் வாசல் ஜெபக் குறிப்புதான்.


ஓய்வுபெற்ற உபதேசியார் எழுதியது:

அந்தத் தம்பிக்கு: பாத்திரம் பற்றி நீ எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். நான் முப்பது வருடம் அந்தப் பாத்திரத்தைத் துடைத்து வைத்தவன், கடைசி வரிசையில் யார் வருகிறார்கள், ஏன் வருகிறார்கள் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. ஆணுறை விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. மற்றதில் நீ சொல்வது சரி.


தாமிரபரணிக்கரை எழுதியது:

ஐயரிடம் இந்தத் திரியை அப்படியே காட்டினேன். பாத்திரம் பற்றி அந்த ஞாயிறு காலை ஆராதனையில் அவரே அறிவிப்பு நேரத்தில் சொல்வதாகச் சொல்லிவிட்டார், வாலிபருக்கு மட்டுமல்ல எல்லோருக்கும். பெரியவர்களோடு ஒரு ஒப்பந்தம்: நானாக அந்தச் சொல்லை எடுக்க மாட்டேன், ஆனால் டப்பாச் சீட்டில் வந்தால் உள்ளது உள்ளபடி பதில் சொல்வேன். ஒருவர் சம்மதித்தார், இன்னொருவர் எதுவும் சொல்லாமல் எழுந்து போனார், அதையும் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். டப்பா வைத்து இரண்டு நாள் ஆகிறது, ஏற்கெனவே கனமாக இருக்கிறது, திறக்கவில்லை.

ஒரு சந்தேகம். நேற்று ராத்திரி வீட்டில் ஒத்திகை பார்த்தேன், சோடா உப்பு கரைத்த தண்ணீரில் மஞ்சள் விட்டால் சிவக்கவே இல்லை, லேசாக மங்கினது, அவ்வளவுதான். மனைவி சிரிக்கிறாள். என்ன தப்பு?


வேலூர் ரயில் எழுதியது:

ஆப்ப சோடா போட்டிருப்பீர்கள். அது பற்றாது, சலவை சோடா வேண்டும், மளிகைக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். இல்லையென்றால் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த பின் மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள், நன்றாகச் சிவக்கும். எதுவானாலும் பிள்ளைகள் யாரும் குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எலுமிச்சம்பழம் கொஞ்சம் கூடவே வாங்கி வையுங்கள், எங்களுக்கு எப்போதும் பாதியில் தீர்ந்துவிடும்.